சுவர் யாருடையது, கோடு யாருடையது

இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை சேர்த்து, மேலே ஒரு வட்டம் வைத்து, குச்சி குச்சியாய்க் கைகால் இழுத்துவிட்டால் நம் ஊரில் ஒரு பழங்குடி மனிதர் தயார். மலைப்பாதைக் கைப்பிடிச் சுவர், வனத்துறை விடுதி, ரயில் நிலையம், அங்கன்வாடி என்று எங்கே 'பழங்குடி ஓவியம்' வேண்டுமென்றாலும் இவர்தான் வந்து நிற்கிறார். கையில் மேளம், காலில் நடனம். அவரை வரைய அதிக நேரம் ஆகாது, பெயிண்டும் குறைவு. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்கும் ஓவியருக்கும், டெண்டர் எடுத்த கான்ட்ராக்டருக்கும் வசதியான மனிதர்.

இந்த உருவத்துக்கு ஒரு முகவரி உண்டு. மகாராஷ்டிரத்தின் தாணே, பால்கர் பகுதிகளில் வாழும் வார்லி மக்களின் கல்யாண வீட்டுச் சுவர் அது. செம்மண் பூசிய உட்சுவரில் அரிசிமாவுக் கரைசலால் சுமங்கலிப் பெண்கள் ஒரு சதுரம் வரைவார்கள். அதன் பெயர் சௌக். நடுவில் பாலகாட் தேவி இருப்பாள். அது வரையப்படாமல் அங்கே திருமணச் சடங்கு முழுமையாகாது. 1970களின் தொடக்கத்தில் இந்த ஓவியம் காகிதத்துக்கும் துணிக்கும் வந்தது. ஜிவ்யா சோமா மாஷே என்ற ஆண், பெண்கள் சடங்குக்காக மட்டும் வரைந்ததை அன்றாட வேலையாகவே வரையத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார். 2011இல் பத்மஸ்ரீ, 2018இல் மறைவு. 2014இல் வார்லி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் சுவருக்கு வந்து சேரும்போது தேவி இல்லை, சதுரம் இல்லை, கல்யாணமும் இல்லை. ஆடுகிறவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள்.

பழங்குடிச் சுவரோவியம் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் பாணியைப் பற்றியே பேசுகிறோம்: புள்ளியா, கோடா, என்ன நிறம். எது வரையப்பட வேண்டும், எது வெளியே தெரியக் கூடாது, எப்போது அழிக்கலாம் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி என்று நினைக்கிறேன். இதைக் கேட்டுப் பார்க்க ஏற்காட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. காரணம், அங்கே இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் எதுவும் கிடையாது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டின் பழங்குடிகள் ஏறத்தாழ 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மலையாளிகளே மிகப் பெரிய சமூகம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. சேர்வராயன் மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர். பொங்கல் சமயத்து எருதாட்டமும், மே மாதத்தில் உச்சிக் குகைக்கோயிலில் நடக்கும் சேர்வராயன் திருவிழாவும் இன்றும் உண்டு. இந்த மலைத்தொடர்களில் கிடைத்த புதிய கற்காலக் கற்கோடரிகளை மரத்தடிகளிலும் சிறு கோயில்களிலும் வைத்து மக்கள் கும்பிட்டுவந்ததைத் தொல்லியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்பே அந்தக் கல்லுக்கு ஒரு பொது இடம் இருந்தது.

ஆனால் வார்லிக்கு இருப்பதுபோல, பெயர் சொன்னதும் நினைவுக்கு வரும் சுவரோவிய மரபு இவர்களுக்கு இல்லை. இதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. கதையிலும் கூத்திலும் திருவிழாவிலும் தன்னை வைத்துக்கொண்ட சமூகம் சுவரில் வைக்கவில்லை, அவ்வளவுதான். சிக்கல் நம்மிடம் இருக்கிறது. பழங்குடி என்றால் ஓவியம் இருந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இல்லையென்றால் வேறு மாநிலத்திலிருந்து இரவல் வாங்கி ஒட்டிவிடுகிறோம். கிளியூர் அருவிக்கு இறங்கும் வழியில் ஒரு வார்லிக் கூட்டம் ஆடினால், சுற்றுலாப் பயணி அதை இந்த மலைக்காரர்களின் ஓவியம் என்றே செல்பேசியில் பிடித்துக்கொண்டு போவார். இரண்டு சமூகங்களுக்கும் ஒரே நேரத்தில் இழைக்கும் அநீதி இது: ஒருவரின் கோடு பறிபோகிறது, இன்னொருவரின் சுவர் பறிபோகிறது.

இந்த உரிமைச் சண்டையின் மிகத் தெளிவான கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே பாலைவனத்தில் பாப்புன்யா என்றொரு அரசுக் குடியேற்றம். பிண்டுபி, லுரிச்சா, வார்ல்பிரி, அன்மாச்சர், அர்ரெர்ன்டே என்று பல மொழிக் குழுக்களைத் தத்தம் நிலங்களிலிருந்து கொண்டுவந்து, வெள்ளையர் வாழ்க்கைக்குப் பழக்கும் திட்டத்தின் கீழ் அங்கே வைத்திருந்தார்கள். 1971இல் அங்குள்ள பள்ளிக்கு ஓவிய ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன், பிள்ளைகள் மணலில் வரையும் வடிவங்களைக் கவனித்தார். அதையே சுவரில் வரையலாமே என்றார். பிள்ளைகளுக்கு அது ஒத்துவரவில்லை. ஊர்ப் பெரியவர்கள்தான் தூரிகையை எடுத்தார்கள். அது இயல்புதான், ஏனென்றால் அந்த வடிவங்களை வரையும் அதிகாரம் பிள்ளைகளிடம் இல்லை.

காப்பா ச்சாம்பிச்சின்பா தலைமையில் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கனவு உருவானது. 'கனவு' என்று நாம் சொல்வது அங்கே நிலம் பிறந்த கதை. பாப்புன்யா நிலமே தேனெறும்பின் தடம். எனவே எதை வரையலாம் என்று பல குழுப் பெரியவர்களும் கூடிப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் எறும்புகள் பாடப்புத்தகத்தில் வருவதுபோல் வந்தன. இவை வெள்ளைக்காரர் எறும்புகளா என்று பார்டன் கேட்க, காப்பா அவற்றை அழித்துவிட்டுத் தங்கள் முறைப்படியான குறிகளை இட்டதாக பார்டனின் நினைவுக்குறிப்புகளிலிருந்து தெரிகிறது. அடுத்த ஆண்டு, 1972இல், அந்த ஓவியர்களே பங்குதாரர்களாக பாப்புன்யா டூலா நிறுவனம் அமைந்தது. இன்று உலகமெங்கும் ஏலத்தில் போகும் பாலைவன ஓவிய இயக்கத்துக்கு அந்தப் பள்ளிச் சுவர்தான் தொடக்கம்.

அந்தச் சுவர் இப்போது இல்லை. 1974இல் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். எந்தப் பெரிய சதியும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கும் வழக்கமான நிர்வாக வேலைதான். வரைவதற்கு ஊரே கூடிச் சம்மதம் தந்த ஓவியத்தை அழிக்க ஒரு வேலை உத்தரவு போதுமாக இருந்தது. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையை அறிந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

பாப்புன்யாவிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. தொடக்ககால ஓவியங்கள் சிலவற்றில் சடங்கறிந்த ஆண்கள் மட்டுமே பார்க்கத் தக்க பொருட்கள் இடம்பெற்றுவிட்டன. அவை காட்சிக்கு வந்தபோது மற்றப் பழங்குடிக் குழுக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு அத்தகைய பொருட்களை ஓவியர்கள் விலக்கினார்கள். புள்ளிகள் அடர்ந்து பரவியதற்கு, உள்ளே இருப்பதை மறைக்கும் திரையாக அவை பயன்பட்டதும் ஒரு காரணம் என்று கலை வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். நாம் அழகென்று ரசிக்கும் புள்ளி, ஒருவேளை நமக்குச் சாத்திய கதவு.

நகரத்துச் சுவர்களில் கதை வேறு. சிட்னியில் ரெட்ஃபர்ன் ரயில் நிலையத்தருகே 1983இல் கரோல் ரஃப் முன்னின்று செய்த 'நாற்பதாயிரம் ஆண்டுகள்' சுவரோவியம் நிலவுரிமைக் கோரிக்கையை நேரடியாகப் பேசியது. மழையில் வெளிறிச் செங்கல் தெரிந்துபோன அதை 2018இல் மீட்டு வரைந்தார்கள். மெல்பர்னில் லின் ஓனஸ் உள்ளிட்ட பழங்குடிக் கலைஞர்கள் பங்கெடுத்த கூரிச் சுவரோவியமும் அதே எண்பதுகளைச் சேர்ந்தது. இவற்றில் ரகசியம் எதுவும் இல்லை. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று தெருவைப் பார்த்துச் சொல்லும் சுவர்கள் இவை.

இந்தியாவில் சடங்குச் சுவர்கள் ஏராளம். குஜராத்தின் சோட்டா உதய்பூர் ரத்வா மக்கள் நேர்த்திக்கடனாக வீட்டுச் சுவரில் பித்தோராவை எழுதுவிக்கிறார்கள். குதிரைகள் வரிசையாக வரும். ஓவியம் முடிந்ததும் பட்வோ என்ற பூசாரி சாமியாடியபடியே சுவரைச் 'சரிபார்ப்பார்'. ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். ஒடிசாவின் சவரர்கள் இறந்தவர்களுக்காகவும் நோய் தீரவும் வீட்டுக்குள் வரையும் ஓவியங்களை மானிடவியலாளர் வெரியர் எல்வின் 1951இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிந்தார். அங்கே படம் என்பது ஆவிக்குத் தரும் ஓர் இருப்பிடம். ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பக்கம் பெண்கள் அறுவடைக்குச் சோராயும், திருமணத்துக்குக் கோவரும் வரைகிறார்கள். கோவருக்கு முதலில் கருமண் பூச்சு, அதன்மேல் வெள்ளை. வெள்ளை ஈரமாக இருக்கும்போதே சீப்பால் கீறினால் உள்ளிருந்து கருமை உருவமாக வெளிவரும். 2020இல் இவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹசாரிபாக்கின் நகரச் சுவர்களிலும் ரயில் நிலையத்திலும் இந்த ஓவியங்களின் விலங்குகள் இப்போது நடமாடுகின்றன. அதே வட்டாரத்தில் இவற்றை வரையும் கிராமங்கள் சில நிலக்கரிச் சுரங்கங்களின் விளிம்பில் இருக்கின்றன. சுரங்கத்துக்கு ஊர் போய், ரயில் நிலையச் சுவரில் அந்த ஊரின் மாடு மட்டும் மிஞ்சுவதைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

எதிர்முனையில் ஜன்கர் சிங் ஷ்யாம் இருக்கிறார். மத்தியப் பிரதேசத்தின் பதன்கட் கிராமத்துக் கோண்டு இளைஞர். வீட்டுச் சுவரில் அவர் வரைந்ததைக் கண்டு, 1982இல் திறக்கப்பட்ட போபால் பாரத் பவனுக்கு ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அவரை அழைத்துவந்தார். பின்பு சார்லஸ் கொரியா கட்டிய மாநிலச் சட்டமன்றச் சுவரிலேயே ஜன்கர் வரைந்தார். கோண்டு மரபில் அதற்கு முன்மாதிரி கிடையாது. அவராக உண்டாக்கிய வழி அது. இன்று 'கோண்டு ஓவியம்' என்று நாம் அறிவதில் பெரும்பகுதி அந்த ஒரு மனிதரின் கையிலிருந்து கிளைத்தது. 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. மரபு என்பது தொன்றுதொட்டு மாறாமல் வருவது என்ற எண்ணத்தை அவர் வாழ்க்கை உடைக்கிறது. சுவரோவிய மரபு இல்லாத சமூகத்தில் நாளையே ஒன்று தொடங்கலாம், தொடங்குகிறவர் உள்ளேயிருந்து வந்தால்.

தமிழ்நாட்டில் இதற்கு மிக அருகில் வருவது நீலகிரி ஆலுக் குறும்பர்களின் ஓவியம். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை அருகே எழுத்துப்பாறை என்றொரு பாறை ஓவியத் தலம் இருக்கிறது. அதை வரைந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று குறும்பர்கள் சொல்கிறார்கள். திருவிழாவையொட்டி வீட்டுச் சுவரிலும் கோயில் சுவரிலும் அவர்கள் வரைவார்கள். செம்மண், வெண்மண், மரப்பால், இலைச்சாறு என்று காட்டிலிருந்தே நிறம் வரும். தேனெடுப்பதும் விதைப்பதும் குலதெய்வமும் பொருள். அந்த மரபைச் சுவரிலிருந்து காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வெள்ளரிக்கொம்பை கிருஷ்ணன். கடை வண்ணங்களைத் தவிர்த்துக் காட்டு நிறங்களிலேயே கடைசிவரை வரைந்தார். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் மட்டுமே வரையும் கலை இது. ஒரே மாநிலத்தில் இவர்கள் இருக்க, நம் அலுவலகங்கள் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வார்லியைத் தேடிப் போவதற்குக் கலை ரசனை காரணமல்ல. இணையத்தில் வார்லி மாதிரிப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. குறும்பர் ஓவியத்துக்கு ஒரு குறும்பரைக் கூப்பிட வேண்டும்.

பாறை ஓவியம் என்று எடுத்தால் சேர்வராயனுக்கு வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கமும் சான்றுகள் உண்டு. மல்லப்பாடியில் குதிரை வீரர்கள், மல்லசந்திரத்தில் கற்திட்டைகளின் உட்பக்கத்தில் வெள்ளை உருவங்கள். அவற்றை இன்றைய எந்தச் சமூகத்தோடும் நேராக முடிச்சுப் போடுவது அவசரம். ஆனால் நீலகிரியின் கரிக்கையூர் போன்ற இடங்களில் பழைய ஓவியத்தின் மேலேயே சுற்றுலா வந்தவர்கள் பெயரெழுதிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். காதலர் பெயரோடு இதயம் வரைவதும் ஒருவகைப் பொதுச் சுவரோவியம்தான், அனுமதி கேட்காத வகை.

அனுமதி என்றதும் தமிழ்நாட்டுச் சுவரின் இயல்பைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே சுவர் என்றைக்குமே அரசியல் சொத்து. தேர்தலுக்கு முன்பே வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரோடு 'ரிசர்வ்' என்று எழுதிவிட்டால் எதிர்க்கட்சிக்காரரும் அதை மதிப்பார். வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பார்களா என்பது வேறு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959இலேயே சட்டம் வந்தும் இந்த எழுதாத ஒப்பந்தம் நின்றுபோகவில்லை. சுவரொட்டிகளை விரட்டத்தான் சென்னை மாநகராட்சி சாலையோரச் சுவர்களில் கோயிலும் நாட்டியமும் வரையச் சொன்னது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் மாநகராட்சியும் கண்ணகி நகர் குடியிருப்புகளைப் பெருஞ்சுவரோவியங்களின் இடமாக மாற்றின. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் இடத்தில் அவர்களைப் போன்றவர்களின் முகமே மாடியளவுக்கு எழுந்தது நல்ல காரியம். ஆனால் அந்த முகங்கள் சிரிக்கத்தான் முடியும். ஏன் இங்கே கொண்டுவந்து விட்டீர்கள் என்று கேட்கும் சுவர் ஒன்று அரசு ஏற்பாட்டில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரெட்ஃபர்ன் சுவர் அதைக் கேட்டது.

சட்டம் இதில் எவ்வளவு துணை? கொஞ்சம்தான். அரசு ஏற்பாட்டில் உருவாகும் படைப்புக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அரசே. ஓவியருக்கு எஞ்சுவது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தரும் தனி உரிமை: தன் பெயரைச் சொல்லவும், படைப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும். தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிக் கிடங்கில் போட்டதற்கு எதிராக அமர்நாத் சேகல் வழக்காடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. கால் நூற்றாண்டு போராட அவருக்கு வசதியும் பெயரும் இருந்தன. ஒரு மலைக்கிராமத்து ஓவியருக்கு?

அதிலும் இந்த உரிமை தனியாளுக்குத்தான், சமூகத்துக்கு இல்லை. புவிசார் குறியீடு சமூகத்துக்குப் பயன்படலாம், ஆனால் அது விற்பனைப் பொருளுக்கு இடும் முத்திரை. பஞ்சாயத்துச் சுவரில் யாரோ வார்லி வரைவதை அது நடைமுறையில் தடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் இந்த இடைவெளி இருந்தது. பழங்குடி ஓவியங்களைக் காப்பியடித்து வியட்நாமில் நெய்த கம்பளங்கள் குறித்த வழக்கில், 1994இல் நீதிமன்றம் ஓவியர்கள் பக்கம் தீர்ப்பளித்தபோது, சமூகத்துக்குள் அவர்களுக்கு நேர்ந்த பண்பாட்டுக் காயத்தையும் இழப்பீட்டில் சேர்த்தது. 1998இன் புலுன் புலுன் வழக்கில், ஓவியர் தன் குலத்துக்குக் கடமைப்பட்டவர் என்பதை நீதிபதி ஏற்றார். ஆனால் குலத்துக்கே பதிப்புரிமை என்ற இடத்துக்குப் போகவில்லை.

உரிமையைப் போலவே பராமரிப்பு என்ற சொல்லும் எளிதல்ல. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியின் வாண்ட்ஜினா பாறை உருவங்களை அந்த மக்கள் தலைமுறைதோறும் மீண்டும் தீட்டிவந்தார்கள். 1987இல் அரசு வேலைத் திட்டம் ஒன்றின் கீழ் இளைஞர்கள் சில உருவங்களைப் புதுப்பித்தபோது, பழமை அழிந்தது என்று வெளியார் கொதித்தார்கள். தீட்டாமல் விட்டால்தான் அது சாகும் என்று ங்கரின்யின் பெரியவர் டேவிட் மொவல்ஜர்லாய் மறுத்தெழுதினார். புதுப்பிப்பதா விடுவதா என்பதற்குப் பொது விதி கிடையாது. முடிவெடுப்பவர் யார் என்பதற்கு மட்டும் விதி வேண்டும்.

சேர்வராயனுக்குத் திரும்புவோம். நிறத்துக்கு அங்கே பஞ்சமில்லை. மலைமேல் செந்நிறப் பாக்சைட் மண், அடிவாரத்தில் வெள்ளை மேக்னசைட். இரண்டும் பல பத்தாண்டுகள் லாரி லாரியாக ஆலைகளுக்குப் போயின. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்த காபி, பிறகு மலையின் நில உரிமையையே மாற்றியது. இதெல்லாம் மலையாளிகளின் கதைக்குள் வருவது. சுவரில் அந்த மூன்று அண்ணன் தம்பிகளும் வரலாம். சாமையும் ராகியும் விளைந்த கொல்லை எஸ்டேட் வேலிக்குள் போனதும் வரலாம். கோடை விழா ஏற்பாட்டாளர்கள் முன்னதைத்தான் விரும்புவார்கள். ஊர்க்காரர்கள் இரண்டாவதை விரும்பலாம், அல்லது படமே வேண்டாம், ஊர்ப் பெயரைச் சரியாக எழுதிய பலகையும் கழிப்பறையும் போதும் என்றும் சொல்லலாம். அதுவும் ஒரு பதில், அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லாதவர் கேட்கவே வேண்டாம்.

கேட்பதற்கான இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் அறிவிக்கப்படாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதியாக இருந்தும் நிலைமை அதுதான். ஆகவே சாதாரணக் கிராம சபைதான் வழி. அதில் மூன்று தீர்மானங்கள் போதும்: எந்தச் சுவர், என்ன பொருள், யார் கையால். கூலி சதுர அடிக்கா நாளுக்கா என்பதையும் அங்கேயே பேசிவிடலாம், நாள்கூலி என்றால் ஓவியர் அவசரப்பட மாட்டார். மேலே வெள்ளையடிக்க வேண்டுமென்றால் அதற்கும் அதே சபையின் தீர்மானம் வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏற்காட்டு மழைக்கும் பாசிக்கும் வெளிச்சுவர் பெயிண்ட் சில ஆண்டுகள் தாங்கினாலே அதிகம் என்பதால் அந்த வரி சீக்கிரமே வேலைக்கு வரும்.

கோடை விழா மே மாதம் நடக்கிறது. ஆண்டின் கிராம சபைகளில் ஒன்று மே 1 அன்று வருகிறது. அதற்குள் சாரம் கட்டி, வார்லி மாதிரிப் படத்தைச் சுவரில் பென்சிலால் எடுத்திருப்பார்கள். எனவே இந்தப் பொருள் சனவரி 26 கூட்டத்தின் நிரலிலேயே ஏற வேண்டும்.